ஏழாவது பெண்ணின் முகம்

2023 நவம்பர் 14, செவ்வாய், காலை 6.40. கைக்கு வந்த புகைப்படங்கள் 211. புதுச் சுவர் ஓவியத்தின் திறப்பு விழாவுக்கு இன்னும் நான்கு நாள்.

அன்பு மகள் நாரேவுக்கு, தொங்யோங்கில் நானும் அம்மாவும் ஓரளவு நலம். ரோட்டர்டாம் குளிரில் நீ தொப்பி போடாமல் திரிவது நீ அனுப்பிய படத்திலேயே தெரிகிறது, போடு. அம்மாவுக்குச் சிப்பி உடைக்கிற கை மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, லீவு போடச் சொன்னால் கேட்பதில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், முழுக்கப் படி.

சிப்பிக் கொட்டகைச் சுவர் ஓவியத்தை ஸ்கேன் செய்ய வேண்டிய நாளில் மழை என்று ஒரு நாள் தள்ளிப்போட்டவன் நான், அன்றைக்கே புயலில் சுவர் விழுந்தது உனக்குத் தெரியும். வரைந்தவரும் இன்று உயிரோடு இல்லை. ஊரார் ஆல்பங்களிலிருந்து படம் சேர்த்து, டைல்ஸில் அதே அளவுக்கு நகல் செய்கிறேன். சிப்பி உடைக்கும் பெண்கள் வரிசையில் ஆறு முகம் தெளிவாகக் கிடைத்தது. ஏழாவது ஆளின் கையும் கத்தியும் மட்டும் ஓரத்தில் தெரிகின்றன, முகம் இருக்க வேண்டிய இடத்துக்கு முன்னால் எல்லாப் படத்திலும் யாராவது நின்று இரண்டு விரலைக் காட்டிச் சிரிக்கிறார்கள். கொட்டகையில் போய் ஏழாவது யார் என்று கேட்டேன். ஓக்புன் அக்கா, "நான்தான், வேற யாரு?" என்றார். மால்சூன் அக்கா கத்தியைக் கீழே வைக்காமலே, "அடியே, உன் மூஞ்சிய வரைஞ்சா சிப்பி பயந்துபோய் தானா வாயத் தொறந்துடும். அது நான்" என்றார். பத்தொன்பது பேரைக் கேட்டேன், பத்தொன்பது பேரும் தான்தான் என்றார்கள். எரிச்சலில், மற்ற ஆறு முகங்களின் சாயலைக் கலந்து கணினியில் ஒரு முகம் உண்டாக்கினேன், அது சூளையில் சுட்டும் வந்துவிட்டது.

நேற்று அம்மா அதைப் பார்த்துவிட்டு, "யாருங்க இவ? அங்க மூஞ்சியே கிடையாதே, வெறும் கடல்தான். நாமதானே ஒவ்வொருத்தரா அங்க போய் நின்னு படம் எடுத்துப்போம்" என்றாள். மூன்று மாதமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீங்க யாருன்னுதானே கேட்டீங்க, இருக்கான்னு கேக்கலையே" என்கிறாள். 211 படத்தில் ஒன்றில்கூட நான் இல்லை, எப்போதும் எடுக்கிறவன் நான்தான். அம்மா சொல்வது சரியாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு தடவை சுவரைத் தொலைத்தவனுக்கு இன்னொரு தடவை தப்புச் செய்யத் தைரியமில்லை. உன் ஆறு வயதுப் படம் அங்கே உன் குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறதே, அந்த ஏழாவது இடத்தில் கவிழ்த்த கூடைமேல் ஏறி நின்றும் உனக்கு உயரம் போதவில்லை, தலைக்கு மேலே சுவர் தெரியும். அங்கே இருப்பது முகமா, வெறும் கடலா? இன்றைக்கே பெரிதாக ஸ்கேன் செய்து அனுப்பு, மறக்காதே. நோய்நொடி இல்லாமல், படிப்பு கெடாமல் இரு.

உன் அப்பா,
பியோன் கிதே

இனி நான் செய்யப்போவது:
1. உன் படம் வந்ததும் உருப்பெருக்கிப் பார்ப்பேன்.
2. கடல்தான் என்றால், சுட்ட முகத்தை என் கையாலேயே உடைப்பேன்.
3. பத்தொன்பது பேரிடமும் மன்னிப்புக் கேட்பேன். ஓக்புன் அக்காவிடம் கடைசியாக, அவர் லேசில் விடமாட்டார்.
4. சனிக்கிழமை நான் அங்கே போய் நிற்பேன், அம்மா படம் எடுப்பாள்.
5. சுவரடியில் ஒரு சிப்பிக் கூடையைக் கவிழ்த்து வைப்பேன்.