வேல்ராஜ் மாற்றச் சொன்ன பெட்டிகள்

ஜூலை 3, வியாழன்

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். சாரல் விழுந்த மூன்றாம் நாள் காலேஜில் வைஃபை படுத்துவிடும் என்று சித்திரையிலேயே சொன்னேன். படுத்துவிட்டது. பிரின்சிபால் என் தோளைத் தட்டி, "அண்ணாச்சி, நீங்க இன்ஜினியரிங் படிச்சிருக்கணும்" என்றார். (தட்டவில்லை. தட்டுகிற மாதிரி நின்றார்.) எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் மேலகரத்து இந்தக் காலேஜில் பதினெட்டு வருஷமாக என் உத்தரவு இல்லாமல் ஒரு பல்பு எரிந்ததில்லை.

வேறு கம்பெனிக்கு மாறலாமா என்று திங்கட்கிழமை கூட்டம். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஜூலை 5, சனி

மாறினால் உலகம்மைக்கு வேலை போய்விடும். என் தங்கச்சி மகள். அவள் புருஷன் வேல்ராஜ் பழைய கம்பெனியின் ஆள். சுவருக்குச் சுவர் வைஃபை பெட்டி மாட்டியவன். போன வருஷம் ஆடிச் சாரலில், ஹாஸ்டல் சுவரில் ஏணி வழுக்கி விழுந்து, போய்ச் சேர்ந்தான். அதன் பிறகுதான் கம்பெனி அவளை வைஃபை ரூமில் புகார் எழுத உட்காரவைத்தது. இரண்டு பிள்ளைகள் அந்த நாற்காலியை நம்பி. புதுக் கம்பெனி எல்லாவற்றையும் சென்னையிலிருந்தே பார்த்துக்கொள்ளுமாம்.

கூட்டத்தில் வாயைத் திறக்கக் கூடாது.

திறக்காமல் இருப்பேனா?

ஜூலை 7, திங்கள்

இருக்கவில்லை.

பெட்டியில் குற்றமே இல்லை என்று பழைய கம்பெனிக்காரர் சாதித்தார். நெட்வொர்க் பொறுப்பில் இருக்கிற சண்முகப்பிரியா மேடம், "ஈரம் உள்ள போகுது சார். ஒவ்வொரு மழைக்கும் ஒரு ஆள் ஏற வேண்டியிருக்கு" என்றார். பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. டீ கொண்டுவந்தவன் என்று நினைத்தார்களோ என்னவோ.

எழுந்தேன். "அன்னைக்கு ஏணியப் பிடிச்சவன் நான். விழுததுக்கு முன்ன வேல்ராஜ் குனிஞ்சு என்னையப் பார்த்துச் சொன்னான்: 'மாமா, இந்தப் பெட்டிய எல்லாம் மாத்தச் சொல்லுங்க. இல்லன்னா இன்னொருத்தன் விழுவான்.'"

பழைய கம்பெனிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். என் ஆயுளில் ஒரு கூட்டம் அப்படி என் வாயைப் பார்த்ததில்லை.

ஜூலை 8

சாரல் நிற்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஹாஸ்டல் பக்கம் போனேன். சுவரில் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. மாமா, இந்தப் பெட்டிய எல்லாம் — அவன் குரலேதான். மூக்கடைத்த அதே குரல், காதுக்குப் பக்கத்தில். நான் பயப்படுகிற ஆளா? ஐந்தருவிக் காட்டில் கரடியை முறைத்தே திருப்பி அனுப்பியவன். ஆனாலும் அந்தச் சுவரைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் சோற்றில் கை வைத்தபோதும் கேட்டது. ஒரு சொல் மாறவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

நாளைக்கு முடிவு சொல்கிறார்கள். மாற்ற வேண்டாம் என்று பிரின்சிபாலிடம் சொல்லிவிடலாம் என்று காலையில் கிளம்பினேன். வாசலில் உலகம்மை.

"ஒரு வருசமா எங்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

"எதட்டி?"

"அவுக கடைசியாச் சொன்னத."

"நீ தாங்கமாட்டன்னுதான்..."

"பழைய கம்பெனி சார் வந்தாரு. மாத்த வேண்டாம்னு ஒரு லெட்டர் எழுதிக் குடு, உன் வேலை நிக்கும்னாரு. நான் எழுதல. அவுகளே மாத்தச் சொல்லிட்டுப் போயிருக்காவ, நான் எப்படி மாமா வேண்டாம்பேன்?"

சிரித்தாள். அவன் போனபிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

"வேற ஏதும் சொன்னாவளா? எம் பேரு ஏதும்..."

சொல்லியிருக்கலாம். அந்த வாசலிலேயே சொல்லியிருக்கலாம்.

"சொன்னான்" என்றேன். "உம் பேரையும் சொன்னான்."

பிரின்சிபால் ரூமுக்குப் போகவில்லை.

ஜூலை 16

மாற்றுகிறார்கள். எல்லாரும் ஒரே பக்கம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

புதுப் பெட்டிகள் சாரலுக்கு அசையவில்லை. இனி மழைக்கு மழை யாரும் ஏற வேண்டாம். நல்லதுதானே?

உலகம்மை புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடைக்குக் காய் தரம் பிரிக்கப் போகிறாள். காலை ஆறு மணி பஸ். பக்கத்துச் சீட்டுப் பெண்களிடம் அவன் கடைசியாகச் சொன்னதைச் சொல்லிக்கொண்டே போகிறாளாம். தங்கச்சி வந்து சொன்னாள். அதில் நான் சொல்லாத இரண்டு வரிகளும் சேர்ந்திருக்கின்றன.

ஏணியை நான் பிடிக்கவில்லை. "பிடிச்சுக்கிடுதியளா மாமா?" என்று கேட்டான். "நீ ஏறு, இந்தா வாரேன்" என்றேன். கேண்டீனில் நாலு பேருக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். சிரித்தார்கள். அதனால் இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

வந்து பார்த்தபோது தரையில் கிடந்தான். கண் திறந்திருந்தது. என்னிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை.