யாரும் பார்க்காத கவளம்

செப்டம்பர் 2, திங்கள்

சுண்டுவின் எடை பதிமூன்று கிலோ இருநூறு கிராம். ஆறு மாதத்துக்கு முன்னால் பதிமூன்றரை. ஐந்து வயதுத் தம்பி வளராமல் தேய்கிறான். நிலாவுக்காவது தேய்ந்தால் திரும்ப வளரத் தெரியும்.

டாக்டரம்மா அதட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நாலு வாரம் பாப்போம். ஏறலேன்னா அட்மிட் பண்ணி, மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் ஆகாரம் குடுக்கணும்" என்றார். முப்பதாம் தேதி மறுபடி போக வேண்டும். அவர் பேசி முடித்த பிறகும் அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இன்ச் டேப்பை எடுத்தாள். தையல்காரி வீட்டில் எல்லாவற்றுக்கும் டேப்தான். டாக்டருக்கு எடை, அம்மாவுக்கு இடை. அவனுடைய ஸ்கூல் டிராயரை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துச் சின்னதாக்கினாள். மிஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. நான் இந்த எடை-இடை ஜோக்கை வெளியே சொல்லவில்லை.

செப்டம்பர் 4, புதன்

சுண்டு சாப்பிடுவது: வெறும் சோறு, பால், பன்னின் உள்பக்கம், முட்டையில் வெள்ளை. அவ்வளவுதான். வெள்ளை மனசு கேள்விப்பட்டிருக்கிறேன். வெள்ளை வயிறு இவன் ஒருத்தனுக்குத்தான்.

அப்பா பஸ் டிரைவர் என்பதால் எங்கள் வீட்டில் ஸ்பூன்தான் பஸ். "சார், கதவைத் திறங்க. கேரட் ஏறணும், லேட்டாகுது." கதவு திறக்காது. அம்மா முதலில் கொஞ்சுவாள், பிறகு கெஞ்சுவாள். "ஒரே ஒரு வாய்டா, என் ராசால்ல?" அதுவும் பலிக்காவிட்டால், "முழுங்குற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது!" கடைசியில் அப்பா பக்கம் திரும்புவாள். "எல்லாம் நீங்க குடுத்த செல்லம்."

"நானா? பன் வாங்கிப் பழக்கினது யாரு?"

சோறு ஆறும், சண்டை சூடாகும். சுண்டு இரண்டையும் தொடமாட்டான்.

பசிக்காமலா இருக்கும்? தனியாக இருக்கும்போது கேட்டேன்.

"கேரட் உன்னை என்னடா பண்ணுச்சு?"

"பாக்குது."

"கேரட்டா பாக்குது?"

"எல்லாரும்."

இதற்கு என்ன அர்த்தம்? ராத்திரி வரை யோசித்தேன். கேரட் கண்ணுக்கு நல்லது என்பார்கள், ஆனால் கேரட்டுக்கே கண் இருக்கிறதாக யாரும் சொன்னதில்லை.

(எனக்குப் பதினைந்து வயது. இன்றுவரை கத்தரிக்காயைத் தின்றதில்லை. சோற்றுக்கு அடியில் புதைத்துவிடுவேன். என்னை யாரும் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. இதையும் குறித்து வைக்கிறேன்.)

செப்டம்பர் 7, சனி

இன்று உப்பு ஜாடியின் மூடியைத் திருகாமல் சும்மா மேலே வைத்திருந்தேன். அப்பா லேசாகத் தூவினார். தட்டில் பனிமலை.

பன்னிரண்டு நிமிடம் திட்டு. அப்பா, அம்மா, மறுபடி அப்பா. திட்டு வாங்கும்போது தலையைக் குனிந்துகொள்வது என் வழக்கம் (சிரிப்பு தெரியாது). அப்போதுதான் பார்த்தேன். மேஜை விளிம்பில் ஒரு சின்னக் கை நகர்ந்து என் தட்டுக்கு வந்தது. இரண்டு கேரட் துண்டுகள் காணாமல் போயின. சுண்டுவின் கன்னம் மெதுவாக அசைந்தது.

எல்லாரும். எல்லாரும் பார்க்கிறார்கள்! கேரட் ஒரு பாவமும் அறியாதது.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஒரு தடவை நடந்தால் அதிர்ஷ்டம், இரண்டாவது தடவையும் நடந்தால்தான் விஞ்ஞானம். அலாரம் கடிகாரத்தை பன் டப்பாவுக்குள் வைத்தேன். சரியாக ஒன்றே காலுக்கு டப்பா அலறியது. திட்டு: ஒன்பது நிமிடம். சுண்டு: பீன்ஸ் நாலு, உருளைக்கிழங்கு ஒன்று.

செப்டம்பர் 11, புதன்

அப்பாவிடமும் அம்மாவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். பெரியவர்களிடம் உண்மை சொன்னால் இப்படித்தான்.

"பாக்கலேன்னா சாப்பிடுவானா? அவ்ளோதானே!" என்று அப்பா நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அம்மா ஒரு ரவிக்கையை மடியில் வைத்துக்கொண்டு கொக்கி மாட்டக் காஜா தைத்தாள். நல்ல தொடக்கம். சுண்டுவின் கை பீன்ஸ் பக்கம் போனது. நடுவழியில் நின்றது.

ஏன்? அவன் பார்வை போன இடத்தைப் பார்த்தேன். சுவரில் வாஷ்பேசின், அதற்கு மேல் கண்ணாடி, கண்ணாடிக்குள் அப்பாவின் இரண்டு கண்கள். இருபது வருடமாகக் கண்ணாடி வழியாகவே ஐம்பது பேரைக் கவனித்து ஓட்டுகிற மனிதர்!

"நான் பாக்கவே இல்லையே!" என்றார் கண்ணாடியிடம்.

அம்மாவோ ஊசியை விரலில் குத்திக்கொண்டாள். துணியைப் பார்த்தால்தானே?

"புள்ள மேல அக்கறை இருந்தா கண்ணு போகத்தான்டி செய்யும். இதுவும் உன் சேட்டைல ஒண்ணா?"

நான் சொன்னதை இனி யாரும் நம்பப் போவதில்லை. அப்படியென்றால் அவர்கள் கண்ணுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டியதுதான்.

செப்டம்பர் 16, திங்கள்

அப்பாவின் செருப்பை ஃப்ரிட்ஜில் வைத்தேன். திட்டு: ஏழு நிமிடம். சுண்டு: கீரை இரண்டு வாய். பச்சை! முதல் பச்சை!

செப்டம்பர் 18, புதன்

மேஜைக்கு அடியில் உட்கார்ந்து பூனையானேன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. அம்மா துடைப்பத்தோடு வந்தாள். கேரட் ஐந்து.

செப்டம்பர் 20, வெள்ளி

அம்மா என் ஸ்கூல் சுற்றுலாப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் ஒரே ஒரு சேட்டை, இதுல கையெழுத்துப் போடமாட்டேன். ஒருத்தன் சாப்பிடாம உயிரை எடுக்குறான், நீ வேற ஏன்டி இப்படிப் படுத்துற?" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

ஒரு வருடமாகக் காத்திருக்கும் சுற்றுலா. இரண்டு நாள். கடல்.

செப்டம்பர் 21, சனி

இன்று நான் நல்ல பிள்ளை. இரண்டு வேளையும் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அவன் வெறும் சோறு மட்டும் தின்றான். ஒன்பது நாளில் முப்பதாம் தேதி வந்துவிடும். மூக்கில் குழாய் போட்டால் தும்மல் வந்தால் என்ன செய்வான்?

செப்டம்பர் 22, ஞாயிறு

செய்துவிட்டேன். அப்பாவின் யூனிஃபார்ம் சட்டையின் இரண்டு கை நுனிகளையும் அம்மாவின் மிஷினிலேயே தைத்து மூடிவிட்டேன். அந்த மிஷினை யாரும் தொடக் கூடாது. காலைச் சாப்பாட்டு நேரத்தில் அப்பா டியூட்டிக்குக் கிளம்ப, கை உள்ளே போனது, வெளியே வரவில்லை. பென்குவின் மாதிரி நின்றார்.

இருபத்தொரு நிமிடம். சாதனை.

படிவம் நாலாகக் கிழிந்தது. அந்தப் பக்கம் சுண்டு ஒரு முழு முட்டையைத் தின்று முடித்தான், மஞ்சளோடு.

அழவில்லை. சரி, கொஞ்சம்.

செப்டம்பர் 26, வியாழன்

ஒரு சந்தேகம். இன்று தண்ணீர் ஜாடிக்குள் பிளாஸ்டிக் பல்லி. அப்பா வீடு அதிரக் கத்தினார், ஆனால் கண் என் மேல் இல்லை. வாஷ்பேசின் கண்ணாடியில் இருந்தது. அதில் சுண்டுவின் தட்டு தெரியும். கோபத்தில் அப்பாவின் மீசை மேலும் கீழும் துடிக்கும். இன்று பக்கவாட்டில் துடித்தது.

போய்விடலாம் என்று எழுந்தேன். "எங்க போற? இன்னும் முடியல, நில்லு!" என்று முதலில் இருந்து திட்ட ஆரம்பித்தார். அதே வரிகள். சுண்டுவின் தட்டில் அப்போது மூன்று பீன்ஸ் பாக்கி.

அப்பாவுக்கு எப்போதிலிருந்து தெரியும்?

செப்டம்பர் 30, திங்கள்

பதிமூன்று கிலோ எழுநூறு!

டாக்டரம்மா இரண்டு தரம் நிறுத்துப் பார்த்தார். குழாய் வேண்டாம் என்றார். "என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல டாக்டர்" என்றாள் அம்மா. "பெரியவளைத் திட்டவே நேரம் சரியா இருந்துச்சு. இவனை எங்க கவனிச்சேன்?"

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் சுவரில் இருந்த கண் பரிசோதனை எழுத்துகளை மிகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

சுற்றுலா பஸ் காலையில் போய்விட்டது. அங்கே மழை பெய்ய வேண்டும் என்று ஒரு நிமிடம் மட்டும் வேண்டிக்கொண்டேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

காலையில் அம்மா சுண்டுவின் டிராயரை மடியில் வைத்துத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மிஷினைக் காட்டி, "அந்தச் சட்டைக் கையில தையல் நேரா வந்திருந்துச்சு. யார் சொல்லிக் குடுத்தா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

மதியம் களைப்பாக இருந்தது. எந்தத் திட்டமும் இல்லாமல் உட்கார்ந்தேன். என் தட்டில் கத்தரிக்காய். வழக்கம்போல் சோற்றுக்கடியில் புதைக்கத் தொடங்கினேன். மேஜைக்கடியில் ஒரு உதை.

"அக்கா, இன்னைக்கு நீ ஒண்ணும் பண்ணலையா?" என்றான் சுண்டு, ரகசியமாக.

"இல்லடா. லீவு."

அவன் என் தட்டைப் பார்த்தான். புதைத்த இடத்தையும் பார்த்தான். பிறகு தன் டம்ளரை இரண்டு கையாலும் தூக்கி, தண்ணீர் முழுவதையும் அப்பாவின் மடியில் கொட்டினான்.

"டேய்!" அப்பா துள்ளி எழுந்தார். அம்மா துணி தேடி ஓடினாள். மொத்த வீட்டின் கண்ணும் அவன் பக்கம்.

திட்டுக்கு நடுவில், தலையைக் குனிந்தபடி, என்னை மாதிரியே, அவன் கிசுகிசுத்தான்:

"யாரும் பாக்கல. சீக்கிரம் சாப்பிடு."

சாப்பிட்டேன். கொழகொழவென்று இருந்தது. முழுங்கிவிட்டேன்.