ஆறு வயது இளைய இரட்டை

அன்புத் தம்பிக்கு,

அம்மாவின் அடக்கம் சனிக்கிழமை. நாம் இரட்டையர் என்பது குமாசி நகரம் முழுக்கத் தெரியும். உன் கால்பந்து கிளப்புக்கு மட்டும் தெரியாது. இளையோர் அணித் தேர்வுக்காக உனக்குச் சான்றிதழில் ஆறு வயதைக் குறைத்தார்களே, அந்தக் கணக்குப்படி அப்பா செத்து இரண்டு வருஷம் கழித்து நீ பிறந்திருக்கிறாய். அம்மா அதையும் பொறுத்துக்கொண்டாள்.

உன் ஏஜென்ட் போவாடு வந்திருந்தார்.

"பத்திரிகைக்காரங்க வருவாங்கண்ணே. ரெண்டு பேரும் பக்கத்துல நின்னா உங்க தம்பியோட ஒப்பந்தம் போச்சு. நீங்க கொஞ்சம் ஒதுங்கிக்கங்க."

பெரியம்மா விடவில்லை. "அவனுக்கு வயசு கொறஞ்சா இவன் எதுக்குடா மூஞ்சிய மறைக்கணும்?"

நடுக்களத்தில் உன் கால் தளர்ந்துவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். இந்த இளம் வயதில் பாவம்.

நீ வா. பெட்டியின் தலைப்பக்கத்தை நீயே தூக்கு. நான் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் கிடந்த,
உன் மூத்த அண்ணன்