வாடகைத் தாளம்

நவம்பர் 4, செவ்வாய்

முதியோர் இல்லத்தின் மேலாளர் ஹதா, கூடத்து அலமாரியிலிருந்த வீடியோ விளையாட்டு டிஸ்குகளை எல்லாம் இன்று விற்றுவிட்டான். இனி மாதச் சந்தா கட்டினால் போதுமாம். ஆயிரம் விளையாட்டுகள் இணையத்தில் வந்து ஓடுமாம்.

"பெட்டி, தூசு, ஒண்ணும் கிடையாது மொரிசுமி சான்!" என்று என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

ஆயிரம் யாருக்கு வேண்டும்? எனக்கு வேண்டியது முரசு விளையாட்டு ஒன்று. அந்த டிஸ்க் என் காசில் வாங்கியது. அதை மட்டும் நான் தரவில்லை. என் அறையில் இருக்கிறது.

நவம்பர் 7

திரையில் தாளத்துக்குச் சிவப்புப் பொட்டு வருகிறது, முரசை அடிக்கிறேன், 'தவறு' என்கிறது. எங்கோ டோக்கியோவில் ஓர் இயந்திரம் என் அடியைக் கேட்டு, யோசித்து, பிறகு பதில் அனுப்புகிறது. தபாலில் முரசடிக்கிறோம்!

நவம்பர் 12

மறுபடியும் தாமதம். டிசம்பரில் பக்கத்து ஊர் இல்லத்தோடு போட்டி. எங்கள் அணியின் முதல் முரசு நான். எவரிடமும் கற்காமல் நானாகப் பிடித்த இடம். இப்படியே போனால் அது இரண்டாம் முரசு சுகினோவுக்குப் போய்விடும். ஹதாவிடம் கத்தினேன்.

"ஆமா ஆமா, நெட் லைன் மெதுவாத்தான் இருக்கு" என்று குனிந்தான். கூடத்தில் எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஊரே ஒப்புக்கொள்கிறது, பார்!

நவம்பர் 19

சுகினோ ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "அதே லைன்லதான நானும் அடிக்கிறேன்?" என்றாள்.

"தாமதம்னா என்னன்னு உனக்குத் தெரியாது."

"எனக்கா? நாப்பது வருஷம் உங்கள மாதிரி ஒருத்தரோட குடும்பம் நடத்துனவ நான்."

கூடமே சிரித்தது. கொழுப்பு.

நவம்பர் 30

முரசு விளையாட்டைக் காணவில்லை! அதை வைத்திருந்த கம்பெனியோடு ஒப்பந்தம் முடிந்ததாம், எடுத்துவிட்டார்களாம். வாடகைச் சோற்றுப் பானை. சாப்பிட உட்காரும் நேரத்தில் பானைக்காரன் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஹதா என் அறை வாசலில் வந்து நின்றான். தேநீரை நிதானமாகக் குடித்து முடித்தேன். அதன் பிறகுதான் டிஸ்கை எடுத்தேன்.

டிசம்பர் 1

டிஸ்கில் அடித்தேன். தவறு.

மறுபடி. தவறு. கம்பியை மாற்றச் சொன்னேன். டிவியை மாற்றச் சொன்னேன். ஹதா மாற்றினான். தவறு. "லைன்..." என்று ஆரம்பித்த கிழவர் ஒருவர் நிறுத்திக்கொண்டார். டிஸ்குக்கு லைனே இல்லையே.

அப்போ எல்லாருக்கும் முன்னாடியே தெரியும். ஆமா ஆமான்னு தலைய ஆட்டிக்கிட்டு — எனக்கு மட்டுந்தான் தெரியல. கை எப்போது இப்படி மெதுவாக ஆயிற்று?

டிசம்பர் 2

பனி.

டிசம்பர் 6

சுகினோ கதவைத் தட்டினாள். "சும்மா படுத்திருந்தா கை சரியாயிடுமா? வாங்க."

"சந்தா வித்தவன் திருடன்தான்" என்றேன். "என் கை மெதுவா இருக்குங்கிறதால அவன் யோக்கியனாயிட மாட்டான்."

"நான் இல்லைன்னு சொன்னேனா?"

போனேன். முதல் முரசில் அவளை உட்காரச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

பக்கத்து ஊர்க்காரர்களும் அதே சந்தாவை நம்பியவர்கள். இரண்டு வாரமாகப் பயிற்சியே இல்லாமல் வந்தார்கள். ஜெயித்தோம், இதில் பெருமை ஒன்றுமில்லை. நான் டிஸ்கைப் போட்டேன், எடுத்தேன், அவ்வளவுதான். சுகினோ அடித்தது நன்றாகவே இருந்தது.

அவர்களுடைய மேலாளர் என்னிடம் வந்து குனிந்தார். "அந்த டிஸ்க் ஒரு வாரத்துக்கு இரவல் கிடைக்குமா?"

டிஸ்க் பெட்டியைச் சுகினோவின் மடியில் வைத்தேன். "அந்தம்மாகிட்டக் கேளுங்க. இனிமே அவங்களோடது."

சுகினோ பெட்டியைத் திறந்து டிஸ்கைப் பார்த்துவிட்டு மூடினாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"தர முடியாது" என்றாள்.