கிரீஸ் போட்ட போல்ட்டும் நீ சொல்லாத அளவும்

அன்புள்ள மிக்கேல் மச்சான்,

அன்புள்ள என்று எழுதவே கை தயங்கியது. எழுதிவிட்டேன், அடிக்க மனசு வரவில்லை. ஆனால் இது கோபத்தில் எழுதுகிற கடிதம். கடியப்பட்டணத்துக்காரர்கள் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் சேதி. நாம் இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கிய ஒர்க்‌ஷாப் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வள்ளத்து எஞ்சின்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். திங்கள் விடியுமுன் கடலுக்குப் போகணும் என்று அதே அவசரம்தான். உன் ஸ்டூலில் இப்போது கிரீஸ் டப்பா உட்கார்ந்திருக்கிறது.

போல்ட்டை அளவு பார்த்து முறுக்குகிற நம்முடைய பழைய டார்க் ரெஞ்சில் எண்கள் உப்புக்காற்றில் பாதி அழிந்துவிட்டன. நாகர்கோவில் டூல்ஸ் கடைக்காரர் ஒரு டிஜிட்டல் ரெஞ்சைக் கையில் கொடுத்து, "கொஞ்ச நாள் வச்சுப் பாருங்க அண்ணே. பிடிச்சா எடுங்க, இல்லேன்னா திருப்பித் தாங்க" என்றார். போல்ட்டை எவ்வளவு பலமாக முறுக்குகிறோம் என்பதைச் சின்னத் திரையில் எண்ணாகவே காட்டுகிற சாமான். வேண்டிய அளவை வைத்துவிட்டால், நெருங்கும்போது பீப் பீப் என்னும். எட்டியதும் கைப்பிடி அதிரும்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், நல்ல சாமான். கடல் இரைச்சலில் பீப் கேட்காவிட்டாலும் அதிர்வு கைக்குத் தெரிகிறது. எஞ்சின் புத்தகம் அளவை வேறு அலகில் சொன்னாலும் ஒரு பொத்தானில் மாற்றிக்கொள்ளலாம். குறையும் உண்டு. உச்சி வெயிலில் மணலில் நின்றால் திரையில் ஒன்றும் தெரியாது, தோளில் கிடக்கிற துவர்த்தால் மறைத்துத்தான் பார்க்க வேண்டும். தலை பருமன், இடுக்குகளில் நுழைய மாட்டேன் என்கிறது. தொடங்கும்முன் ஒவ்வொரு தடவையும் சும்மா வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். என்னைப்போல் அவசரக்காரனுக்கு அது பெரிய தொல்லை. பேட்டரி எத்தனை காலம் தாங்கும் என்று மழைக்காலம் வந்தால்தான் தெரியும்.

சரி, பழையதோடு ஒத்துப் பார்ப்போம் என்று இரண்டையும் தலையோடு தலை பூட்டி இழுத்தேன். வைத்த அளவு வந்துவிட்டது என்று பழையது 'டக்' சொன்னபோது, புதியதில் வந்த எண் அதைவிடக் கால் பங்குக்கும் மேல் குறைவு. திரும்பத் திரும்ப இழுத்தேன், அதேதான். வயதாகிவிட்டது, உள்ளே ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, பாவம் என்று துடைத்து ஆணியில் மாட்டினேன். யார் பாவம் என்று அப்போது தெரியவில்லை.

அந்த ஞாயிறு சிலுவை அண்ணன் எஞ்சின் வந்தது. ஹெட் போல்ட்டுகள் உப்பில் இறுகிப் பிடிக்காமல் இருக்க, நம் கரையில் எல்லாரும் செய்வதுபோல் மரையில் கிரீஸ் தடவினேன். புத்தகத்தில் உள்ள அளவை டிஜிட்டலில் வைத்தேன். வழக்கம்போல் எண்ணைச் சத்தமாகச் சொன்னேன். முதல் போல்ட்டுகள் சரியாக உட்கார்ந்தன. கடைசிக்கு முந்தையதில் பீப் நெருங்கும்போதே கை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. கழற்றிப் பார்த்தால், எஞ்சின் உடம்பில் உள்ள அலுமினிய மரை சுருள் சுருளாகப் போல்ட்டோடு வந்துவிட்டது.

"என்னலே ததேயு, இத்தன காலம் உனக்க கையில இப்பிடி ஒண்ணு ஆகல்லியே. மிக்கேலு போனதோட உனக்க கையும் போச்சா?" என்றார் சிலுவை அண்ணன். "கடல்ல வச்சு பறிஞ்சிருந்தா நாங்க எங்க போய்க் கரையேற?"

சுற்றி நின்றவர்கள் காதிலும் விழுந்தது. இரண்டு பேர் தங்கள் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு குளச்சலுக்குப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து உன் தங்கையிடம், அந்த டிஜிட்டல் சவத்தை நாளைக்கே திருப்பிக் கொடுக்கப்போகிறேன் என்றேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த ரெஜினாவின் கை நின்றது.

"அது மேல குத்தமில்ல. பழசுலதான் அண்ணன் ஒரு வேல செஞ்சு வச்சிருக்காரு."

"என்ன வேல?"

"கிரீஸ் போட்டா கொறச்சுதான் முறுக்கணுமாம். ஒருக்கா நீங்க முறுக்கும்ப மரை பறியப்போனத அண்ணன் பாத்துருக்காரு. சொன்னா, புத்தகத்துல அப்பிடி இல்லன்னு சண்டைக்கு வருவியளாம். அதான் நீங்க இல்லாத நேரம் பாத்து, அடியில உள்ள திருகக் கழத்தி, முன்னாடியே டக்குன்னு சொல்லும்படி வச்சுட்டாரு. இஞ்ச, இந்த முற்றத்துல இருந்துதான் செஞ்சாரு."

"உனக்குத் தெரியும். அப்ப ஏன்டி சொல்லல்ல?"

"உங்ககிட்ட சொல்லாண்டாம்னுட்டாரு. எனக்க அண்ணன்லா."

கிரீஸ் தடவிய மரை வழுக்கும். அதே எண்ணுக்கு போல்ட்டு கூடுதலாக இழுபடும். இரும்பு தாங்கும், அலுமினியம் தாங்காது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் மச்சான்? ஒரு டீ ஆறுகிற நேரம். அந்த டீயை நாம் ஒரு நாளாவது குடிக்காமல் இருந்தோமா?

நான் எண்ணைச் சத்தமாகச் சொல்வேன். நீ பக்கத்தில் நின்று, "சரியாக்கும் மாப்பிள" என்று தலையாட்டுவாய். பொய் என்று தெரிந்தே எப்படி ஆட்டினாய்? என் வாயில் வருவது ஒன்று, என் கையில் நடப்பது ஒன்று. அதை நீ அறிவாய், என் பெண்டாட்டி அறிவாள், நான் ஒருவன் மட்டும் அறியேன். கூட இருந்து குழி பறித்தாய் என்று உன்னைச் சொல்ல முடியாது, குழியில் விழாமல்தான் பிடித்தாய். ஆனால் கண்ணைக் கட்டியல்லவா பிடித்தாய்.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ என் கையைப் பிடித்து என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "அந்த ரெஞ்ச மாத்தாத மாப்பிள, கேட்டியா" என்றாய். நாம் சேர்ந்து வாங்கிய சாமான்மேல் இவ்வளவு பாசமா என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உன் அடக்கத்தன்று அதைச் சொல்லி எல்லாரையும் அழவைத்தேன். ரெஜினா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். துக்கம் என்று நினைத்தேன். அந்தப் படுக்கையில் இருந்தாவது காரணத்தைச் சொல்லியிருக்கக் கூடாதா?

நான் கோபக்காரன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ரெஞ்சைத் தூக்கி எறிந்திருப்பேன். நாலு நாள் பேசாமல் திரிந்திருப்பேன். பிறகு உன் வீட்டு மீன்குழம்புக்குத்தானே வந்திருப்பேன்? ஒரு சண்டை போடக்கூட நான் உனக்கு லாயக்கில்லாமல் போய்விட்டேனா?

சிலுவை அண்ணன் எஞ்சினுக்குப் புது மரை இறக்கினேன். இந்தத் தடவை டிஜிட்டலில் அளவைக் குறைத்து வைத்தேன். "அண்ணே, புத்தகத்துல இதவிடக் கூடுதலாக்கும். கிரீஸ் போட்டதுனால கொறச்சு வைக்கேன். இது எனக்குத் தெரியாமத்தான் அண்ணைக்கு மரை பறிஞ்சுது" என்று எல்லாரும் கேட்கச் சொன்னேன். அவர், "அப்பிடியா, சரி" என்றார். அவ்வளவுதான் மச்சான். இத்தனை வருஷம் நீ பயந்து ஒளித்துவைத்த பேச்சு அவ்வளவுதான். வள்ளம் கடலுக்குப் போய் நல்லபடியாகத் திரும்பியும் வந்துவிட்டது.

டிஜிட்டலை நானே எடுத்துக்கொள்கிறேன். கிரீஸ் இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது, அதை நான்தான் பார்க்க வேண்டும். ஆனால் காட்டுகிற எண்ணில் வஞ்சகம் இல்லை.

நேற்று பழைய ரெஞ்சின் அடித்திருகைக் கழற்றி, புதியதோடு சேர்த்து இழுத்து இழுத்து, சரியான அளவுக்குத் திருப்பினேன். ரெஜினா வாசலில் நின்று பார்த்தாள். இப்போது இரண்டும் ஒரே எண்ணைச் சொல்கின்றன. நீ வைத்த அளவு இனி எங்கேயும் கிடையாது. அதை அழிக்குமுன் கடைசியாக ஒரு தடவை இழுத்து அந்த 'டக்'கைக் கேட்டேன், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியோடு வருவேன். ரெஜினாவையும் கூட்டி வருவேன், அவள் உன் பக்கமே நிற்கட்டும். நீ எனக்குத் தராமல் போன அந்தச் சண்டையை அன்றைக்கு உன் தலைமாட்டில் நின்று முழுசாகப் போடுவேன். போட்டு முடித்த பிறகுதான் திரி கொளுத்துவேன்.

உன் தங்கை மாப்பிள்ளை,
ததேயு