எர்மெக் தின்னாத கண்

பிப்ரவரி 4

பஜார் பக்கத்தில் என் புதுக் கடைக்கு விளக்குப் பலகை மாட்டினார்கள். ‘சோல்பொன்’ என்ற கடைப் பெயரில் முதல் எழுத்து எரியவில்லை. குளிர்தான் காரணம் என்கிறான் மின்சாரக்காரன். அதே குளிர் மற்ற எழுத்துகளை ஏன் விட்டுவைத்தது? கேட்டேன். ஏணியை மடக்கிக்கொண்டு போய்விட்டான்.

இந்தத் தலாஸ் ஊரில் மடக்கு மேசை போட்டு சோப்பும் தீப்பெட்டியும் விற்றவன் நான். எட்டாவதோடு படிப்பை விட்டவன். அன்று சிரித்தவர்கள் இன்று என் கடைகளில்தான் மாவு வாங்குகிறார்கள். சிரிப்பை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள்.

பிப்ரவரி 8

என் குதிரை அணிக்கு வீட்டில் விருந்து. வசந்தப் பருவ ஆட்டங்கள் தொடங்கும் முன் வருடா வருடம் வைப்பது. குதிரை மேலிருந்தபடி ஆட்டுடலைப் பறித்துக்கொண்டு போய்க் கொப்பரையில் போடும் ஆட்டத்தில் எங்கள் கோக்ஜால் அணியை மிஞ்ச இந்தப் பள்ளத்தாக்கில் ஆளில்லை. எதிரிகளும் இதை ஒப்புக்கொள்கிறார்கள், நான் இல்லாத இடத்தில்.

வெந்த ஆட்டுத்தலையை என் முன்னால் வைத்தார்கள். காதுகளை இளையவர்களுக்கு அறுத்துக் கொடுத்தேன். ஒரு கண்ணை நான் தின்றேன். மற்றதை வழக்கம்போல அணித்தலைவன் எர்மெக்குக்குக் கொடுத்தேன். யார் நம் கண்ணெதிரிலேயே இருக்க வேண்டும் என்று நினைக்கிறோமோ அவருக்குத்தான் அதைக் கொடுப்போம்.

வாங்கினான். ரொட்டித் துண்டின் மேல் வைத்தான். பேச்சோடு பேச்சாக ரொட்டியை மடித்துத் தட்டுக்குக் கீழே தள்ளிவிட்டான்.

வேறு யாரும் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் பேசாமலிருந்தார்கள்.

“வயிறு சரியில்லையோ என்னவோ” என்றாள் கூமுஷ். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி எல்லாருக்கும் வக்கீல். வயிறு சரியில்லாதவன் குதிரைக்கறித் தொத்திறைச்சியை இரண்டாம் தடவை கேட்டு வாங்குவானா?

பிப்ரவரி 9

கண்ணைத் தின்னாதவன் கிளம்பத் தயாராகிவிட்டவன். வேறு அர்த்தம் இல்லை.

பிப்ரவரி 15

பெரிய கடையில் உட்கார்ந்திருந்தேன். எர்மெக் தேயிலை வாங்க வந்தான். வாசலுக்கு இடப்பக்கம் பிஸ்கட் பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கியிருக்கிறது. நேராக அதில் போய் இடித்தான். பாதி சரிந்தது.

“என்னடா, என்னைப் பார்த்ததும் கால் தடுமாறுதா?”

“இல்ல அக்சகால். அடுக்கு வழியில இருந்துச்சு.” பெரியவரே என்று கூப்பிடுகிற மரியாதைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

“அது எத்தனையோ வருஷமா அங்கதான் இருக்கு. நீதான் வழி மாறிட்ட.”

சிரித்தான். நான் சொல்லி முடித்து வெகுநேரம் கழித்து வந்த சிரிப்பு. என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றான். குற்றமுள்ளவன் அப்படித்தான் பார்ப்பான்.

பிப்ரவரி 20

லாயத்தின் முன்னால் கஜக் நம்பர் போட்ட கார். நான் போய்ச் சேர்வதற்குள் கிளம்பிவிட்டது.

குதிரை பழக்கும் ஜொல்தோஷைக் கேட்டேன். “வழி கேட்டு வந்தாங்க, அக்சகால்.”

“இந்தப் பாதை நம்ம லாயத்தோட முடியுது. இதுக்கு மேல எங்க போக வழி கேட்டாங்க? ஆத்துக்குள்ளயா?”

குனிந்து குதிரையின் குளம்பைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். நன்றாக இருக்கிற குளம்பு.

எனக்குப் புரிந்துவிட்டது. எல்லை தாண்டினால் கஜக் ஊரான தராஸ். அங்கே பெரிய லாயம் வைத்திருக்கும் மெய்ராம், எர்மெக் ஏறும் என் குதிரை குலாவை விலைக்குக் கேட்டுப் போன வருடம் ஆள் அனுப்பினான். குலா விற்கிற குதிரை இல்லை என்று ஆளைத் திருப்பி அனுப்பினேன். இப்போது குதிரையையும் ஏறுகிறவனையும் சேர்த்தே தூக்கப் பார்க்கிறான்.

பிப்ரவரி 21

கடைகளைப் பார்த்துக்கொள்ளும் மகள் பெகிமாயிடம் அந்தக் காரைப் பற்றிக் கேட்டேன். அவள் கையெழுத்து இல்லாமல் என் லாயத்திலிருந்து ஒரு கடிவாளம்கூட வெளியே போகாது.

“அப்பா, வர்றவங்க எல்லாரையும் திருடன் மாதிரி பார்த்தா கடைக்குள்ள யாரு வருவா?”

“வரட்டும். வெளிய போறப்பதான் நான் பார்ப்பேன்.”

அப்போது அவள் தொலைபேசி அடித்தது. திரையில் எர்மெக்கின் பெயர். எடுத்துக்கொண்டு பனியில் இறங்கிப் போய்ப் பேசினாள். கோட்டுகூடப் போட்டுக்கொள்ளவில்லை.

இவளுமா?

மார்ச் 2

நான் கட்டிக்கொடுத்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரசவப் பிரிவின் புதுக் கட்டடம் எழும்புகிறது. வாசல் பலகையில் என் பெயரைப் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார்கள். நல்லது.

தலைமை மருத்துவர் தேநீர் கொடுத்து, யார் யார் வந்தார்கள், யாருக்கு என்ன என்று சொன்னார். நான் போட்ட வழக்கம் அது. என் கூரைக்குக் கீழே நடப்பது எனக்குத் தெரிய வேண்டும்.

“உங்க அணிப் பசங்க ஒருத்தர்கூட வரல. இந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு சுளுக்குகூட இல்ல. கொடுத்து வச்சவர் நீங்க” என்றார்.

இரும்பு. அப்படிப்பட்டவர்களைத்தான் நான் பொறுக்கி எடுக்கிறேன்.

மார்ச் 9

சொல்லாமல் லாயத்துக்குப் போனேன், காலையிலேயே. எர்மெக் குலா மேல். மற்றவர்கள் அவனைச் சுற்றி ஓட்டிக்கொண்டு, “இடம்! இடம்!” என்று கத்துகிறார்கள். கத்தும்போதெல்லாம் குலா தானே இடப்பக்கம் கழுத்தைத் திருப்புகிறது. புதுப் பழக்கம். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

என்னைப் பார்த்ததும் எல்லா வாயும் மூடிக்கொண்டது.

யாருக்காக இந்தப் பாடம்? மெய்ராமுக்காகத்தான். அவனுக்கிருக்கும் தொப்பைக்கு அவனால் எந்தப் பக்கமும் திரும்ப முடியாது. குதிரைதான் அவனுக்குப் பதிலாகத் திரும்ப வேண்டும்.

மார்ச் 17

கூமுஷோடு சண்டை. நவ்ரூஸ் பண்டிகை இறுதி ஆட்டத்தில் எர்மெக்கை ஆடவிடாமல் உட்கார வைக்கப் போகிறேன் என்றேன். அவ்வளவுதான்.

“அவன் உங்களை விட்டு எங்கயும் போகல, கிழவரே.”

“அப்ப எதை மறைக்கிறீங்க எல்லாரும் சேர்ந்து?”

“உங்க அணிப் பையன் சதிர் தோள் எலும்பு ஒடிஞ்சு உங்க ஆஸ்பத்திரியில படுத்தான். மறுநாளே அவன் குதிரை மேல வேற ஆள். அதுக்கப்புறம் உங்ககிட்ட எவன் வாயத் திறப்பான்?”

பழுதான தராசில் எடை போட்டு விற்கச் சொல்கிறாளா? சதிர் குணமாகும் வரை சம்பளம் கொடுத்தேன். அதை யாரும் சொல்வதில்லை. என்ன கொடுத்தாலும் இந்த ஊருக்கு ஞாபகம் இருப்பது நான் கொடுக்காததுதான்.

பேச்சை எங்கிருந்து எங்கே கொண்டுபோனாள் பார். கேட்டதற்குப் பதில் வரவில்லை.

மார்ச் 21

இன்று நவ்ரூஸ். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எர்மெக்கை நான் உட்கார வைக்கவில்லை. அவன் இல்லாமல் சூய் அணியை ஜெயிக்க முடியாது, அது எனக்கும் தெரியும். ஆட்டத்துக்கு முன் பையன்கள் குதிரைகளைப் பிடித்தபடி என் எதிரே வரிசையாக நின்றார்கள். உள்ளங்கைகளை ஏந்தினார்கள். பெரியவன் பாதா சொல்லி ஆசீர்வதிக்க வேண்டும். எப்போதும் நான்தான் சொல்வேன்.

கையைக் கோட்டுப் பையிலிருந்து நான் எடுக்கவில்லை.

“அக்சகால், பாதா...” என்றான் எர்மெக்.

“போறவனுக்கு என் பாதா எதுக்கு? உன் மெய்ராம்கிட்டப் போய்க் கேளு.”

முகம் வெளுத்துவிட்டது. “எந்த மெய்ராம்?”

நான் வேறு பக்கம் பார்த்தேன். ஒலிபெருக்கியில் எங்கள் அணியைக் கூப்பிட்டார்கள். ஒருவனும் குதிரையில் ஏறவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். பாதா இல்லாமல் எப்படி ஏறுவார்கள்? எங்கள் ஆட்களில் எவனும் ஏற மாட்டான். நடுவர் வந்து, உள்ளே வராவிட்டால் தோற்றதாக அறிவிப்பேன் என்றார். அப்போதும் பையன்கள் கைகளை ஏந்தியபடியே நின்றார்கள், உறைபனியில், என்னையே பார்த்துக்கொண்டு.

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து கூமுஷ் இறங்கி வந்தாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

“இந்தப் பக்கம் திரும்புங்கடா பசங்களா. இந்தக் கிழவருக்குக் கை மரத்துப் போச்சு.”

பாதா சொன்னாள். என்னுடையதைவிட நீளமாக. எல்லாரும் ஓமின் என்று முகத்தைத் தடவிக்கொண்டு ஏறிப் போனார்கள். கூட்டம் முழுவதும் பார்த்தது. என் அணி, என் குதிரைகள், என் சட்டைகள். நான் கம்பத்தைப் போல நின்றேன்.

ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கண் கேட்கவில்லை.

இத்தனை வருடமும் கடையில் நான் பார்த்தது சரக்கை அல்ல, சரக்கைப் பார்க்கிறவர்களின் கண்களை. யார் எந்தத் தட்டைப் பார்க்கிறார் என்று கடையின் மறுமுனையிலிருந்தே சொல்லுவேன். எர்மெக் வலப்பக்கம் பார்க்கும்போது கண்ணால் பார்த்தான். இடப்பக்கம் பார்க்கும்போது கோழியைப் போல முழுத் தலையையும் திருப்பினான். “இடம்!” என்று பையன்கள் கத்தினார்கள். குலா திரும்பியது. கத்தாத நேரத்தில் எதிரணிக்காரன் ஒருவன் இடப்பக்கமிருந்து வந்து மோதினான். எர்மெக்குக்குத் தெரியவே இல்லை. சேணத்திலிருந்து மூட்டையைப் போல விழுந்தான்.

போன அக்டோபர் ஆட்டத்தில் அவன் முகத்தின் இடப்பக்கம்தான் சாட்டைப் பிடி பட்டது. வெறும் வீக்கம் என்றான். வீக்கம் வற்றியதும் முதுகில் தட்டிக்கொடுத்தவன் நான்.

பிஸ்கட் பெட்டிகள். என் காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றது. ரொட்டியில் மடித்து வைத்த கண்.

எழுந்து மறுபடி ஏறினான். தோற்றோம், ஒரே ஓர் ஆட்டுடல் வித்தியாசத்தில்.

கூமுஷ் பக்கத்து அறையில் படுக்கையை விரித்துக்கொண்டாள்.

மார்ச் 22

எர்மெக் வந்தான். கையில் கட்டு. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“இடது கண்ணு போயிடுச்சு, அக்சகால். ஜனவரியில தராஸ்ல டாக்டர் சொன்னார், இனி வராதுன்னு. வலது கண்ணையாவது காப்பாத்தப் பார்த்துக்கிட்டிருக்காரு. பெகிமாய் அக்காதான் கூட்டிட்டுப் போனாங்க. லாயத்துக்கு வந்த அந்தக் காரும் டாக்டர் அனுப்புனதுதான், மருந்து கொண்டுவர.”

“நான் ஆஸ்பத்திரி கட்டி வச்சிருக்கேன். எல்லை தாண்டி எதுக்குடா போகணும்?”

“இங்க காட்டுனா சாயங்காலம் உங்களுக்குத் தெரியும். காலையில குலா மேல வேற ஆள் இருப்பான்.”

என்ன சொல்வது? இருந்திருப்பான்தான். இன்றைக்கும் அதுதான் சரி. இடப்பக்கம் தெரியாதவனைக் கூட்டத்துக்குள் விட்டால் அவனும் சாவான், கூட வருகிறவனும் சாவான். அதையே சொன்னேன். இனி நீ ஆட முடியாது என்றேன். அவன் கத்தினான். நானும் கத்தினேன். பையன்களைப் பழக்கு, சம்பளம் குறையாது என்றேன்.

“என்னைக் காயலான் கடை இரும்புன்னு நினைச்சீங்களா, மூலையில போட்டு வைக்க?”

கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான்.

நான் சொன்னது சரி. நூறு தடவை கேட்டாலும் சரி.

மார்ச் 25

தலைமை மருத்துவரிடம், இனி யார் வந்தார்கள் போனார்கள் என்று என்னிடம் சொல்ல வேண்டாம் என்றேன். மருந்துச் சீட்டிலிருந்து தலையைத் தூக்கினார். “உங்க ரத்த அழுத்தத்தையும் சொல்ல வேண்டாமா?”

“அதை மட்டும் சொல்லுங்க.”

“ரொம்ப அதிகம்.”

ஏப்ரல் 3

மெய்ராம் நிஜமாகவே ஆள் அனுப்பியிருக்கிறான். என்னிடம் இல்லை, எர்மெக்கிடம். ஒற்றைக் கண்ணானாலும் ஏறலாம், தராஸுக்கு வா என்று. ஜொல்தோஷ்தான் சொன்னான். இந்தத் தடவை குளம்பு பார்க்கவில்லை, நிமிர்ந்து நின்று சொன்னான்.

அங்கே போனால் அந்தத் தொப்பைக்காரன் அவனைச் சாகவிடுவான்.

சந்தேகப்பட்டபோது எல்லாரும் என்னைப் பைத்தியம் என்றார்கள். இப்போது பார். ஆனால், அன்றைக்கு மைதானத்தில் அந்தப் பெயரை அவன் காதில் போட்டது யார்?

ஏப்ரல் 4

பெகிமாயைக் கேட்டேன், எர்மெக் போவானா என்று. “அவன்கிட்ட கேளுங்க” என்றாள். என் மகளேதான். கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

கேட்கவில்லை.

ஏப்ரல் 12

பருவம் முடிந்த விருந்து. அவனைக் கூப்பிடவில்லை. கூமுஷ் கூப்பிட்டிருக்கிறாள்.

எல்லாரும் உட்கார்ந்த பிறகு வந்தான். எனக்கு வலப்பக்கம் இடம் காலியாக இருந்தது. நான்தான் அங்கே யாரையும் உட்கார விடவில்லை, கேட்டவர்களிடம் என்னென்னவோ சொல்லி. பிறகுதான் உறைத்தது, அங்கே உட்கார்ந்தால் நான் அவனுக்கு இடப்பக்கம் ஆகிவிடுவேன். எழுந்து அந்தக் காலி இடத்துக்கு மாறி, என் இடத்தை அவனுக்கு விட்டேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தலையை வைத்தார்கள். காதுகளை அறுத்துக் கொடுத்தேன். ஒரு கண்ணை நான் தின்றேன். மற்றதைக் கத்தி முனையில் எடுத்து அவனிடம் நீட்டினேன்.

பார்த்தான்.

“என்ன அக்சகால், எனக்கு ஒண்ணு குறையுதுன்னு தர்றீங்களா?”

“வாயை மூடிட்டுத் தின்னுடா.”

முதலில் சிரித்தவள் கூமுஷ். பிறகு எல்லாரும். தராஸ் பேச்சை அவன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை இளங்குதிரைகளைப் பார்க்க எப்போது வரலாம் என்று ஜொல்தோஷிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

வாயில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். மென்றதைப் பார்த்தேன். கூட்டம் கலைந்ததும், பெண்கள் பாத்திரம் எடுக்க வருவதற்கு முன், அவன் தட்டைத் தூக்கி அடியிலும் பார்த்தேன்.

ரொட்டித் துணுக்குதான் இருந்தது.