மெர்டேக்கா நாளின் சூரியன்

உன் மகள் நேற்று ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தாள். மூடியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை. உள்ளே நம் சூரிய நோட்டு. அடிப்பாவி, இத்தனை வருஷமாக இதையா ஒளித்து வைத்திருந்தாய்?

மலாக்காவின் கஜா பெராங்கிலிருந்து இரண்டு பெண்கள் சிங்கப்பூருக்குப் பட்டப்படிப்புக்குப் போனதே அப்போது பெரிய பேச்சு. நீண்ட விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது பௌதிக விரிவுரையாளர் ஒரு சின்னத் தொலைநோக்கியை நம்மிடம் ஒப்படைத்தார். தினமும் காலை ஒன்பது மணிக்குச் சூரிய பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழவைத்து, கரும்புள்ளிகளைப் பென்சிலால் வரைய வேண்டும். நோட்டு திருப்தியாக இருந்தால், அடுத்த விடுமுறைக்கு நம் இருவரையும் வெளிநாட்டு வானாய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பச் சிபாரிசு செய்வதாகச் சொன்னார். நான் அன்றே கம்பளிச் சட்டை பின்னத் தொடங்கிவிட்டேன். முதலில் புள்ளியை ஒழுங்காகப் போடு என்று நீ சிரித்தாய்.

உன் வீட்டுப் பின்புறம், துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் முக்காலியை நிறுத்தினோம். ஒருநாள் நீ, ஒருநாள் நான். பசியாறிவிட்டு அப்புறம் சூரியனைப் பாருங்களேன் என்று உன் அம்மா தினமும் சலித்துக்கொள்வார்.

மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா நாள் என் முறை. நீ காய்ச்சலில் படுத்திருந்தாய். நானோ விடிந்ததும் பண்டார் ஹிலிர் திடலுக்கு ஓடிவிட்டேன். புதுக் கொடி, பாண்டு வாத்தியம், தொண்டை கட்டும்வரை கூச்சல். சாயங்காலம் வந்து, முந்தின நாள் புள்ளிகளைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டு, 'வானம் தெளிவு' என்று எழுதிவைத்தேன்.

மறுநாள் நோட்டைப் பார்த்த நீ, நேற்றுக் காலை முழுக்க மூட்டம், கொடியில் ஒரு துணிகூடக் காயவில்லை என்றாய். எனக்கு முகம் செத்துவிட்டது. வானத்தைப் பார்க்க வேண்டியவள், அன்று வானம் எப்படி இருந்தது என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று கெஞ்சினேன். நீ மசியவில்லை. படத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, 'மேகம். பார்க்கவில்லை' என்று என் கையாலேயே எழுத வைத்தாய்.

விடுமுறை முடிந்து நோட்டைப் புரட்டிய விரிவுரையாளர் அந்தப் பக்கத்தில்தான் வந்து நின்றார். யார் வேலை இது என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் நீ சொன்னாய்: "எங்க நோட்டு சார்."

சிபாரிசு வேறு இருவருக்குப் போனது. ஊர் திரும்பும் பஸ்ஸில் நான் விடாமல் அழுதேன். "அடுத்த வருஷமும் சூரியன் அங்கேயேதான்டி இருக்கும்," என்றாய்.

சூரியன் இருந்தது, சிபாரிசும் கிடைத்தது. ஆனால் அதற்குள் உனக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது, நான் மட்டும் கப்பல் ஏறினேன். பாதியில் போட்டிருந்த கம்பளிச் சட்டையை நீதான் பின்னி முடித்துக் கொடுத்தாய். ஒருநாள்கூட அந்தப் பக்கத்தைப் பற்றி நீ பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

நீ போன அன்று நான் வந்து சேர்வதற்குள் உன்னை எடுத்துவிட்டார்கள். "அம்மா முகத்தைக் கடைசியாப் பார்த்தீங்களா பெரியம்மா?" என்று நேற்று உன் மகள் கேட்டாள். பார்த்தேன், தூங்குகிற மாதிரி இருந்தது என்று சொல்லியிருந்தால் அவள் மனசு ஆறியிருக்கும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

மடியில் நோட்டு இருந்தது.

"பார்க்கலைம்மா," என்றேன்.